நிதானி நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம்

காலை ஏழேகாலுக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகள் மேசை மேல் ஒரு தாளை விரித்து, அது பறக்காமல் இருக்க உப்பு டப்பாவை ஓரத்தில் வைத்து, எனக்காகக் காத்திருந்தாள். ராத்திரி முழுக்க பம்பு ஹவுஸில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும், பிறகு உட்கார வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். அது அவளுக்கும் தெரியும். நான் உட்காரும் வரை வாயைத் திறக்கவில்லை.

"கையெழுத்து போடும்மா."

"என்னது இது?"

"பேர் மாத்தற ஃபார்ம். பரீட்சைக்குப் பேர் அனுப்பறாங்க. இன்னிக்கு லீவு, நாளைக்குக் காலைல ஸ்கூல்ல கொடுக்கணும். இப்போ என்ன பேர் போகுதோ அதுதான் சாகற வரைக்கும் சர்டிபிகேட்ல இருக்கும்."

தாளில் மூன்று கட்டங்கள். தற்போதைய பெயர்: நிதானி. அதற்குக் கீழே புதிய பெயர். நல்ல பெயர்தான், அவள் வகுப்பிலேயே நாலு பேருக்கு இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில், காரணம் என்ற இடத்தில், 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தாள். அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு காலியாக இருந்தது.

"இத்தனை நாள் உனக்குப் பிடிச்சுதானே இருந்துச்சு?"

"இத்தனை நாள் தெரியாது. இப்போ தெரியும். போடும்மா, நீயும் தூங்கணும்."

அந்தப் பெயரால் அவள் பட்டது கொஞ்சம் இல்லை. பள்ளியில் அவள் ஓடினால், "நிதானி, நிதானமா வாடி" என்று கத்துவார்கள். வீட்டுப்பாடம் தாமதமானால் டீச்சரே, "பேருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கறே" என்பார். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "எங்க அப்பா வச்ச பேரு." அதைச் சொல்லும்போது கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வாள். அவர் எங்களை விட்டுப் போனபோது அவளுக்கு மூன்று வயது. ஒரு போட்டோ இல்லை, ஒரு சட்டை இல்லை, ஒரு கடிதம் இல்லை. அவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அப்படித்தான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் அவள் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை, பதினேழு வயதுப் பெண்ணைத் தடுத்தால் ஜன்னல் வழியாகப் போவாள். வந்தவள், அவர் ஒரு டயர் கடையில் மேனேஜர், அவருக்கு இப்போது ஒரு குட்டிப் பெண் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியை நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெம்பும் இல்லை.

மீதியை இப்போது சொன்னாள்.

"எனக்கு ஏன் இந்தப் பேர் வச்சீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு. 'படிக்கிற காலத்துல எங்க தெருவுல ஒரு நிதானி இருந்தா. ரொம்ப அழகா இருப்பா. அவ ஞாபகமா வச்சேன்'னு சொன்னாரு. என்னமோ எனக்குப் பரிசு கொடுக்கற மாதிரி சொல்றாரும்மா. யாரோ ஒருத்தியோட பேரைத் தூக்கிட்டுப் பதினேழு வருஷமா சுத்தியிருக்கேன். நீயும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி என்னைக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கே. உனக்கு இது தெரியுமா?"

என் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

அப்படி ஒரு பெண் எந்தத் தெருவிலும் இருந்ததில்லை. அந்த மனிதருக்கு ஒன்றும் நினைவில்லை, அவ்வளவுதான். பெற்ற பெண் எதிரே வந்து நின்று கேட்கும்போது நினைவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, கையில் கிடைத்ததை எடுத்து நீட்டியிருக்கிறார். என் பொய் பன்னிரண்டு வருஷம் வீட்டுக்குள் சமர்த்தாகத்தான் இருந்தது. வெளியே போன முதல் நாளே ஒரு குட்டி போட்டுவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டால் பெயர் போகும். வாயைத் திறந்தால், அப்பா தந்ததாக அவள் வைத்திருந்த ஒரே பொருளும் போகும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவள் யோசிக்கக்கூடிய விஷயமா இது? ஆனால் தூங்கி எழுந்து யோசிக்க நேரமில்லை. தூங்கி எழுந்தால் தைரியமும் இருக்காது.

"அவரு வைக்கலடி," என்றேன். "நான் வச்சேன்."

"என்ன?"

"பம்போட பேரு அது. எங்க பம்பு ஹவுஸ்ல இருக்கற ஒரு பம்பு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அம்மா, பேரை மாத்தக் கூடாதுன்னா நேரா சொல்லு. அதுக்காக பம்பு, குழாய்னு புதுசா ஒரு கதை கட்டாதே. ஆளுக்கொரு கதை சொல்றீங்க. எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. ஒரு பொய் சொன்னவள் இரண்டாவதாகச் சொல்வது உண்மை என்று நிரூபிக்க அவள் முகம் போதாது. எழுத்தில் காட்ட வேண்டும். நல்லவேளை, எங்கள் வேலையில் எல்லாமே எழுத்தில் இருக்கிறது.

"மத்தியானம் வரைக்கும் தூங்கிக்கறேன்," என்றேன். "அப்புறம் என்கூட வா. பார்த்துட்டும் மாத்தணும்னு சொன்னா அங்கேயே போட்டுத் தரேன்."

*

பம்பு ஹவுஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீளமான கூடம், தரையில் நான்கு சிமென்ட் மேடைகள், மேடைக்கு ஒரு பம்பு. கீழே இருக்கும் கிணற்றிலிருந்து தண்ணீரை எடுத்து நாலு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிற பெரிய தொட்டிக்குத் தள்ளுவதுதான் வேலை. இரண்டு ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும், ஒன்று எப்போதும் ரிப்பேரில் இருக்கும்.

மேடைகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பெயின்ட் அடித்திருக்கும். அந்த எண் மேடைக்குத்தான், பம்புக்கு இல்லை. பம்பு பழுதானால் கழற்றி அனுப்பிவிட்டு வேறொன்றை அதே மேடையில் உட்கார வைப்போம். திரும்பி வந்தால் எந்த மேடை காலியோ அதில் உட்காரும். ஆகவே 'இரண்டாம் நம்பர் சூடாகிறது' என்று யாராவது எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவனுக்கு எந்த இரும்பு சூடானது என்றே தெரியாது. அதனால் எனக்கு முன்னால் வேலை செய்தவர்கள் பம்புகளுக்குப் பெயர் வைத்தார்கள். எண் இடத்தோடு நிற்கும். பெயர் போகிற இடமெல்லாம் கூடவே போகும்.

எப்போதும் ஒழுகிக்கொண்டே இருப்பது அழுமூஞ்சி. கேட்டுக்கு வெளியிலேயே சத்தம் கேட்பது மாமியார். கடைசியாக வாங்கினது புதுப்பொண்ணு. வந்து இருபது வருஷம் ஆகியும் அவள் புதுப்பொண்ணுதான். நான்காவது நிதானி.

நாங்கள் போனபோது மணி மூன்றரை. பகல் ஷிஃப்டில் கண்ணாடி அண்ணன் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவர், அதனால் அந்தப் பெயர். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறார்.

"என்னம்மா, ராத்திரி பார்த்தது பத்தலையா? பகல்லயும் வந்துட்டே," என்றவர், பின்னால் நின்றவளைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "யாரு, நம்ம சின்னவளா?"

"சின்னவளா?" என்றாள் என் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்கறா."

"அப்பாடா," என்று நாற்காலியில் சாய்ந்தார். "இந்த வாயை மூடி வச்சு மூடி வச்சு எனக்குப் பல்லே வலிக்குது. உன் கல்யாணத்துல வந்து உளறிடுவேனோன்னு பயந்துட்டு இருந்தேன், பாப்பா."

"அப்போ இங்க எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா… வாட்ச்மேனுக்குத் தெரியாது. அவர் போன வருஷம்தான் வந்தாரு."

அவள் சிரிக்கவில்லை. நான் இரும்பு அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் பழைய குறிப்பேடுகள், வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கும். மணிக்கு ஒரு தடவை அழுத்தம், மின்சாரம், சூடு எல்லாம் எழுத வேண்டும். வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அவள் பிறந்த வருஷத்துக் கட்டை எடுத்துத் தூசு தட்டி, பிறப்பதற்கு ஐந்து வாரத்துக்கு முந்தின பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

என் கையெழுத்து. அப்போது எழுத்து இன்னும் குண்டாக இருந்தது.

*3-ஆம் மேடை: நிதானி. மதியம் 2.10-க்கு மின்தடை. மற்றது உடனே நின்றது. நிதானி நிற்க 94 நொடி. குழாயில் அதிர்ச்சி இல்லை.*

அவள் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். தேதியைப் பார்த்தாள். மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு முன்னும் பின்னுமாகப் பக்கங்களைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம், வேறு வேறு கையெழுத்தில், அவள் பெயர். 'நிதானி கிரீஸ் போட்டாச்சு.' 'நிதானி சரியாக இருக்கிறது.' 'நிதானியை நம்பிப் போகிறேன், மற்றதைப் பார்த்துக்கொள்ளவும்.'

"இது யாரு எழுதினது?"

"நான்தான்," என்றார் கண்ணாடி அண்ணன். "அன்னிக்கு எனக்கு வயித்து வலி."

அவள் நோட்டை மூடினாள். "பாக்கணும்," என்றாள்.

இப்போது அது முதலாம் மேடையில் இருக்கிறது. பச்சைப் பெயின்ட், ஒரு பக்கம் உரிந்திருக்கும். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே, கம்பிக் கூண்டுக்குள், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். மற்ற மூன்றுக்கும் இது கிடையாது. மூடிப்போன ஒரு ஆலையிலிருந்து பழைய விலைக்கு வாங்கிய பம்பு இது. அந்த ஆலைக்காரர்கள் மாட்டிவைத்த சக்கரம்.

"இவ்ளோ குண்டா இருக்கா!" என்று அந்தச் சத்தத்தில் என் காதருகே கத்தினாள்.

"அந்தச் சக்கரம்தான் விஷயமே," என்று நானும் கத்தினேன். இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் களைப்பு தெரியாது. "நாலு கிலோமீட்டர் குழாய் நிறைய தண்ணி ஓடிட்டு இருக்கு. திடீர்னு கரண்ட் போகுது. சாதா பம்பு ஆறு ஏழு செகண்ட்ல நின்னுடும். ஆனா தண்ணிக்குத் தெரியாதே? அது பாட்டுக்கு முன்னால ஓடும், அப்புறம் திரும்பும், திரும்பி வந்து சுத்தியலால அடிக்கற மாதிரி மோதும். எங்கேயோ ஒரு தெருவுல குழாய் வெடிக்கும். இந்தச் சக்கரம் இருந்தா பம்பு சட்டுனு நிக்காது. கரண்ட் போனாலும் அந்தக் கனத்துல சுத்திட்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கையை விடும். ஓடி வர்ற குழந்தையை ரெண்டு கையால வாங்கிட்டு, கூடவே நாலடி பின்னால போவோமே, அந்த மாதிரி."

"கிளம்பறதுக்கும் லேட்டா?"

"ரொம்ப லேட்டு. அதுக்கே எல்லாரும் திட்டுவாங்க. அதனாலதான் இந்தப் பேரு."

நான்கு மணிக்கு மேட்டுத் தொட்டி நிரம்பிவிடும். இரண்டு பம்பையும் நிறுத்த வேண்டும். கண்ணாடி அண்ணன் முதலில் வால்வுகளை மெல்ல மூடி, மாமியாரின் பொத்தானை அமுக்கினார். ஒரு முனகல், அவ்வளவுதான், நின்றுவிட்டது. அடுத்து நிதானி. பொத்தானை அமுக்கிய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூடத்தில் சத்தம் குறையக் குறைய, என் மகள் உதடுகள் அசைவது தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பதில் சக்கரத்தின் ஆரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. எண்பதில் மேலே படிந்திருந்த ஒரு எண்ணெய்க் கறை சுற்றி வருவதைக்கூடப் பார்க்க முடிந்தது.

"தொண்ணூத்தி ஒண்ணு," என்றாள். "மூணு செகண்ட் குறைஞ்சிடுச்சு."

"வயசாகுதில்ல," என்றார் கண்ணாடி அண்ணன். "பேரிங் தேயுது. உங்க அம்மாவுக்கும்தான்." சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதப் போனார்.

அமைதியான கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். அவள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் முதுகுக்கு அந்த இடம் பழக்கம்.

"எல்லாம் சரி. இதைப் போய் ஏன் எனக்கு வச்சே?"

"இங்கதான் தூங்குவேன்," என்றேன். "நீ வயித்துல எட்டு மாசம். வீட்டுல தூக்கமில்லை. உங்க அப்பா வருவாரா வரமாட்டாரான்னு வாசலைப் பார்க்கறதே வேலை. இங்க வந்தா நின்னுட்டே இருக்கணும். மத்த மூணும் தரையே அதிர ஓடும். அந்த மேடைல சாஞ்சா நீ உதைப்பே. இது மட்டும்தான் அதிராது, அந்தச் சக்கரத்துக் கனம் எல்லாத்தையும் முழுங்கிடும். மதியம் பத்து நிமிஷம் இதே இடத்துல சாஞ்சு கண்ணை மூடுவேன். அந்தப் பத்து நிமிஷத்துல நீயும் சும்மா இருப்பே. அந்த வருஷத்துல எனக்குக் கிடைச்ச தூக்கம் அவ்வளவுதான்."

அவள் உள்ளங்கையை மேடையின் சிமென்ட் மேல் வைத்துப் பார்த்தாள்.

"பேர் பதியப் போனப்போ உனக்கு நாலு வாரம். என் மாமியார் ஒரு பேர் கொடுத்தாங்க, எங்க அம்மா ஒரு பேர் கொடுத்தாங்க. உங்க அப்பாவுக்கு போன் பண்ணேன். 'எதையாவது வை'ன்னாரு. ஜன்னலுக்குப் பின்னால இருந்த ஆளு, 'பேரைச் சொல்லுங்கம்மா, பின்னால இருபது பேர் நிக்கறாங்க'ன்னு கத்தறாரு. நான் ரெண்டு நாளா தூங்கல. வாயில வந்தது அதுதான்."

"அப்புறம் ஏன் அவர் வச்சாருன்னு சொன்னே?"

"அஞ்சு வயசுல வந்து கேட்டே. மத்த பிள்ளைங்க அப்பா வாங்கிக் கொடுத்த பென்சில் பாக்ஸ், அப்பா வாங்கிக் கொடுத்த ஷூன்னு சொல்றாங்க, எங்க அப்பா எனக்கு என்ன கொடுத்தாருன்னு கேட்டே. வீடு முழுக்கத் தேடினேன். ஒண்ணும் இல்லை. அதனால இதை எடுத்து அவர் கணக்குல கொடுத்தேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சக்கரக் கூண்டின் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவர் சொன்ன பொய்க்குக் கோபப்படறதா, நீ சொன்னதுக்குக் கோபப்படறதா? ரெண்டு பேரும் வரிசையில நில்லுங்க. ஒவ்வொருத்தராத்தான் திட்ட முடியும்."

"நான் முதல்ல நிக்கறேன். எனக்கு ராத்திரி ஷிஃப்ட் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாள்.

"போடு."

"மாத்தப் போறியா?"

"அது என் இஷ்டம். பார்த்துட்டுச் சொன்னா போட்டுத் தரேன்னு சொன்னே இல்ல? இதுவும் பொய்யா?"

மேடையிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் பேனா நிதானமாகத்தான் ஓடியது. அவள் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வீடு போகும் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

*

மறுநாள் காலை ஏழேகால். செருப்பைக் கழற்றினேன். வீட்டில் அவள் இல்லை, பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்த பிறகுதான் மேசையைப் பார்த்தேன்.

உப்பு டப்பாவுக்குக் கீழே அந்தப் படிவம். என் கையெழுத்தின் மேல், புதிய பெயரின் மேல், எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு கறை பரவி, தாள் அப்பளம் மாதிரி சுருண்டு காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு.

*ஃபார்ம்ல டீ கொட்டிடுச்சு. புதுசு வாங்க நேரமில்லை. பழைய பேரையே கொடுத்துடறேன். திட்டு இன்னும் பாக்கி இருக்கு. சாயங்காலம் தூங்காம இரு.*

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு டம்ளர் கழுவாமல் கிடந்தது. அடியில் டீத்தூள். எங்கள் வீட்டில் டீ குடிக்கிறவள் நான் ஒருத்திதான். அவளுக்கு அதன் வாசனையே ஆகாது. டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று தேடி, அளவு தெரியாமல் அள்ளிப் போட்டு, காலையில் இவ்வளவு வேலை செய்திருக்கிறாள்.

படிவத்தை மடித்து அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டுமே. பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் உடனே வரவில்லை. உடம்புக்குள் ராத்திரி ஓடின சத்தம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ண ஆரம்பித்தேன். நாற்பதுக்குப் பிறகு எதுவரை எண்ணினேன் என்று நினைவில்லை.